போர்டைப் பெயர்த்தவரும் பதினைந்தடிக் கோடும்

'ஷாக்' என்கிற ஷகீல் ஓ'நீலின் புராணத்தை முறைப்படி 1972 மார்ச் 6-ல், நியூ ஜெர்சி மாநிலத்து நியூவார்க் நகரில், அவர் பிறந்த கட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் பிறக்கும்போது எல்லாக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் என்பதால் அதில் சுவாரஸ்யம் குறைவு. ஒரு பதிமூன்று வருஷம் தள்ளி, மேற்கு ஜெர்மனியில் இருந்த அமெரிக்க ராணுவ முகாமுக்குப் போய்விடலாம்.

வளர்ப்புத் தந்தை பிலிப் ஹாரிசன் ராணுவத்தில் சார்ஜென்ட். லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் டேல் பிரவுன் அந்த முகாமுக்குப் பாடம் நடத்த வந்திருந்தார். பாடம் முடிந்ததும் ஆறரை அடிக்குக் குறையாத ஒரு ஆள் அவரிடம் வந்து, காலுக்குப் பலம் ஏற என்ன பயிற்சி செய்யலாம், எகிறிப் பந்தைக் கூடைக்குள் திணிக்கிற டங்க் அடிக்க வரமாட்டேன் என்கிறது என்று பணிவாகக் கேட்டார்.

"எத்தனை வருஷமாப் பட்டாளத்துல இருக்கே தம்பி?"

"பட்டாளத்துல இல்லை சார். எனக்குப் பதிமூணு வயசுதான் ஆகுது."

பிரவுனுக்கு அதற்கு மேல் கால் பலத்தில் அக்கறை இல்லை. "உங்கப்பா எங்கேப்பா?" என்றார். பையன் 1989-ல் லூசியானா ஸ்டேட்டில் சேர்ந்தான். 1992-ல் ஆர்லாண்டோ மேஜிக் அணி நாட்டின் முதல் தேர்வாக அவரைத் தூக்கிக்கொண்டது. இனி 'அவன்' எல்லாம் சரிப்படாது. உயரம் 7 அடி 1 அங்குலம். எடை ஏறிக்கொண்டே போய் ஏட்டில் 147 கிலோ என்று நின்றது. அதை எழுதியவர் எடை மெஷினைக் கேட்டாரா, ஷாக்கைக் கேட்டாரா என்பது தனி விசாரணை.

டங்க் அடிக்க வராத பிள்ளை முதல் வருஷத்திலேயே என்ன செய்தது தெரியுமா? 1993 பிப்ரவரியில் பீனிக்ஸ் அணியுடன் ஆட்டம். ஷாக் ஒரு டங்க் அடித்தார். கூடையைத் தாங்கி நின்ற ஹைட்ராலிக் தூண், 'ஆளை விடு சாமி' என்று மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டது. ஏப்ரலில், பிறந்த மாநிலமான நியூ ஜெர்சியிலேயே இன்னொன்று. இந்தத் தடவை உட்காரவெல்லாம் அவகாசம் இல்லை. போர்டு கம்பியோடு பெயர்ந்து, உச்சியிலிருந்த ஷாட் கிளாக் சகிதமாக அவர் தலைப்பக்கம் இறங்கியது. எதிரணிகள் ஷாக்கைச் சமாளிக்க வியூகம் வகுத்துக்கொண்டிருக்க, என்.பி.ஏ. போர்டுகளின் முட்டுக்கம்பிகளைப் பலப்படுத்தியது. ஒரு புது ஆட்டக்காரருக்காக லீக் வெல்டிங் வேலை பார்த்தது.

அந்த இரும்பு வளையம் இந்த அவமானத்தை மறக்கவேயில்லை என்பது என் கட்சி. பத்தொன்பது வருஷம் பொறுமையாகப் பழி வாங்கியது.

எதிராளி இடித்துத் தள்ளினால் கிடைக்கிற நஷ்ட ஈடுதான் ஃப்ரீ த்ரோ. போர்டுக்குப் பதினைந்து அடி தள்ளி ஒரு கோடு. அதன் பின்னால் நின்று போட வேண்டும். மறிக்க ஆள் கிடையாது. வளையத்தின் விட்டம் 18 அங்குலம், பந்து அதில் பாதியை விடக் கொஞ்சம்தான் பெரிது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேசிக்கொண்டே போடுகிற பந்து இது. ஷாக் தன் ஆட்ட வாழ்வில், பிளே-ஆஃப் ஆட்டங்கள் நீங்கலாக, இதை 11,252 தடவை போட்டார். 5,317 தடவை வெளியே போயிற்று. ஒவ்வொரு தடவையும் பந்துக்குப் பதிலாகக் காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்திருந்தால் முன்னூற்றுச் சொச்சம் கூடைதான் குறைந்திருக்கும். அத்தனை வருஷப் பயிற்சியின் நிகர லாபம் அது.

காரணம் கேட்டவர்களுக்குச் சிறுவயதில் மணிக்கட்டில் பட்ட அடியைச் சொன்னார். சில சமயம் கடவுளைச் சொன்னார்: எல்லாத் திறமையும் ஒரே ஆளுக்குக் கொடுத்தால் நியாயமா என்று மேலே இருப்பவர் யோசித்திருப்பாராம். 'தேவைப்படும்போது விழும்' என்றும் சொல்வார். மீதிப் பந்தெல்லாம் யாருக்குத் தேவைப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை. ஏழடி ஆளிடம் அந்த மாதிரிக் கேள்வியெல்லாம் கேட்கக் கூடாது.

ஆர்லாண்டோவில் ரொம்ப நாள் இருக்கவில்லை. 1995 இறுதிப் போட்டியில் ஹூஸ்டன் 4-0 என்று துடைத்து அனுப்பியது. மறு வருஷம் ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் 'ஆர்லாண்டோ சென்டினல்' நாளிதழ் வாசகர்களிடம் ஒரு கேள்வி போட்டது: ஷாக்குக்கு 11.5 கோடி டாலர் தகுமா? 91.3 சதவீதம் பேர் தகாது என்றார்கள். ஊர் மானத்தைக் காப்பாற்றிய அந்த 8.7 சதவீதத்துக்கு என் அனுதாபங்கள். ஷாக் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுக்குப் போனார். ஏழு வருஷத்துக்கு 12 கோடி டாலர்.

ஹாலிவுட்டும் அங்கேதானே இருக்கிறது! 1996-ல் 'கஸாம்' படத்தில் டேப் ரெக்கார்டருக்குள்ளிருந்து வரும் பூதம். 1997-ல் 'ஸ்டீல்' படத்தில் இரும்புக் கவசம் போட்ட நாயகன். பின்னதற்கு ஆன செலவு 1.6 கோடி டாலர், அமெரிக்க வசூல் சுமார் 17 லட்சம். ஆனால் அதில் ஒரு காட்சிக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். பந்தெறிந்தால் உள்ளே விழாது என்பது அந்தக் கதாபாத்திரத்தின் தீராத குறை. கடைசியில் உயிர் பிழைக்க ஒரு கையெறி குண்டைச் சின்ன ஓட்டை வழியாகச் சரியாக வெளியே எறிய வேண்டும். எறிகிறார். போகிறது. சினிமா என்பது எதற்கு இருக்கிறது!

நிஜத்தில் அந்த ஓட்டை பெரிதாகவேயில்லை. டாலஸ் பயிற்சியாளர் டான் நெல்சன் 1997-ல் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்: சுமாராக ஃப்ரீ த்ரோ போடுகிறவனை வேண்டுமென்றே இடி, கோட்டுக்கு அனுப்பு, பந்து வெளியே போகும். முதலில் டென்னிஸ் ராட்மன் மேல் சோதித்தார். இடிக்க அனுப்பிய பபா வெல்ஸ் மூன்றே நிமிஷத்தில் ஆறு ஃபவுல் வாங்கி வெளியேறினார். ராட்மன் 12-க்கு 9 போட்டுவிட்டார். மருந்து நல்ல மருந்துதான், நோயாளிதான் மாறிப்போயிருந்தார். சரியான நோயாளி லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்தார். வைத்தியத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: 'ஹேக்-எ-ஷாக்'.

2000-ஆம் வருஷம் அவர் உச்சத்தில் இருந்தார். மார்ச் 6 பிறந்தநாளன்று அதே ஊர் கிளிப்பர்ஸுக்கு எதிராக 61 புள்ளி. கூடுதல் டிக்கெட் கேட்டேன், கொடுக்கவில்லை, அதனால்தான் என்பது அவரே சொன்ன விளக்கம். சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு ஓட்டுப் போட்ட 121 பேரில் 120 பேர் அவருக்குப் போட்டார்கள். இறுதிப் போட்டியின் இரண்டாவது ஆட்டத்தில் இண்டியானா அணிக்கு வேறு வழி தெரியவில்லை. முதல் பாதியிலேயே ஷாக்கின் அணித் தோழர் கோபி பிரையன்ட் கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டார். ஷாக்கை இடித்தார்கள், இடித்தார்கள், இடித்துக்கொண்டேயிருந்தார்கள். ஒரே ஆட்டத்தில் 39 ஃப்ரீ த்ரோ. 18 உள்ளே, 21 வெளியே. ஆட்டம் பார்க்க டிக்கெட் வாங்கியவர்கள் ஒரு மனிதர் தனியாக நின்று பந்தெறிவதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள். ஷாக் எடுத்த மொத்தப் புள்ளி 40. லேக்கர்ஸ் ஜெயித்தது. 2001, 2002 கோப்பைகளும் அவர்களுக்கே.

நடுவில் 2000 டிசம்பர் 8. சியாட்டில் அணிக்கு எதிராகப் பதினொரு ஃப்ரீ த்ரோ போட்டார். ஒன்றுகூட விழவில்லை. 1960-ல் வில்ட் சேம்பர்லின் பத்துக்குச் சைபர் என்று வைத்திருந்த சாதனை நாற்பது வருஷம் கழித்து முறிந்தது. அதற்கடுத்த வாரமே விடுப்புப் போட்டு, ஒரு ஆட்டத்தைத் தவறவிட்டு, லூசியானா ஸ்டேட்டுக்குப் போய் அங்கியும் தொப்பியும் அணிந்து பி.ஏ. பட்டம் வாங்கினார். அந்த வாரத்தில் பாஸ் ஆன ஒரே விஷயம்.

இதற்கு மருந்தே இல்லையா என்றால், இருந்தது. ரிக் பாரி என்ற பழைய ஆட்டக்காரர் இரண்டு கையாலும் பந்தைத் தாழப் பிடித்து, முழங்காலுக்கு நடுவிலிருந்து மேலே தூக்கிப் போடுவார். பார்க்கப் பாட்டி குடத்து நீரை வீசுவது போலத்தான் இருக்கும். ஆனால் நூற்றுக்கு 89 விழுந்தது. சேம்பர்லினே கொஞ்ச காலம் அப்படிப் போட்டார். 1962-ல் நூறு புள்ளி எடுத்த அந்த ஆட்டத்தில் 32-க்கு 28 ஃப்ரீ த்ரோ விழுந்தது. பிறகு ஆம்பிளைத்தனமாக இல்லை என்று வெட்கப்பட்டு விட்டுவிட்டார். ஷாக்குக்கும் பாரி சொல்லிப் பார்த்தார். அப்படிப் போடுவதற்குச் சைபரே மேல் என்றார் ஷாக். சைபரை ஏற்கெனவே பார்த்தவர் என்பதால் அதை வெறும் பேச்சு என்று தள்ள முடியாது.

கோபியோடு நடந்த பங்காளிச் சண்டையைப் பற்றித் தனி நூலகமே இருக்கிறது, வேகமாகக் கடந்துவிடலாம். 2002 கோடையெல்லாம் சும்மா இருந்துவிட்டு, சீசன் தொடங்கப்போகிற சமயத்தில் கால் விரலுக்கு ஆபரேஷன் செய்துகொண்டார். வேலை நேரத்தில் பட்ட அடி, வேலை நேரத்திலேயே ஆறட்டும் என்பது வாதம். எந்தத் தொழிற்சங்கமும் கைதட்டியிருக்கும். கோபி தட்டவில்லை. 2004-ல் ஷாக்கை மயாமிக்கு அனுப்பினார்கள். அவர் ராட்சத லாரியில் ஊர் சேர்ந்து, நீர்த்துப்பாக்கியால் ரசிகர்களை நனைத்துக் கோப்பை கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்தார். 2006-ல் கொண்டும் வந்தார், அதாவது அணித் தோழர் டுவைன் வேட் சுமந்து வந்தார், ஷாக் கூட வந்தார்.

2008-ல் ஒரு மேடையில் கோபியைக் கெட்ட வார்த்தை போட்டு ராப் பாடியதில், அரிசோனாவில் ஒரு ஷெரிஃப் தான் கொடுத்திருந்த கௌரவ பேட்ஜைத் திருப்பிக் கேட்டார். அதே வருஷ வசந்தத்தில் சான் அன்டோனியோ அணி, ஷாக் அப்போது ஆடிக்கொண்டிருந்த பீனிக்ஸை இடித்து இடித்தே வெளியேற்றியிருந்தது. அது கோழைத்தனம் என்று ஷாக் குறைப்பட்டார். அடுத்த சீசனின் முதல் ஆட்டம், இரு அணிகளும் எதிரெதிரே. பந்து ஆட்டத்துக்கு வந்து ஐந்தே வினாடி. யாரோ ஷாக்கை இடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் சான் அன்டோனியோ பயிற்சியாளர் கிரெக் போபோவிச் கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கிறார். ஷாக்கும் சிரித்துவிட்டார்.

அப்புறம் கிளீவ்லாந்து, பாஸ்டன். 2011 ஜூனில் சில வினாடி வீடியோவில் ஓய்வை அறிவித்தார். அடுத்த வருஷம் பேரி பல்கலைக்கழகத்தில் கல்வியியல் டாக்டர் பட்டம். கௌரவப் பட்டம் இல்லை, படித்து வாங்கியது. ஆய்வுத் தலைப்பு: தலைமைப் பண்பில் நகைச்சுவையும் ஆக்ரோஷமும்.

டாக்டர் ஓ'நீலின் இப்போதைய ஜீவனம் டி.வி. பிற ஆட்டக்காரர்கள் தடுமாறுவதைத் தொகுத்துக் காட்டிக் கெக்கலிப்பதற்கென்றே 'ஷாக்டின் எ ஃபூல்' என்று ஒரு பகுதி வைத்திருக்கிறார். ஆமாம், அந்த 5,317-க்குச் சொந்தக்காரர்தான். அதில் அடிக்கடி மாட்டியவர் ஜவேல் மெக்கீ. 2017 பிப்ரவரியில் அவர் பொறுமையிழந்து ட்விட்டரில் பதிலடி கொடுக்க, ஷாக் விடாமல் மல்லுக்கு நின்றார். மெக்கீயின் அம்மா பமீலா, 1984 ஒலிம்பிக்கில் கூடைப்பந்துத் தங்கம் வாங்கியவர், பகிரங்கமாகக் கண்டித்தார். ஷாக் அசரவில்லை. அப்புறம் ஷாக்கின் அம்மா லூசில் வாயைத் திறந்தார். நான்கு கோப்பை வாங்கிய, டாக்டர் பட்டம் பெற்ற, 44 வயது ஷகீல் ஓ'நீல் மறுபேச்சுப் பேசாமல் அறிவித்தார்: அம்மா நிறுத்தச் சொல்லிட்டாங்க, நிறுத்திட்டேன்.