மாமா எதிர் ஏடிஆர்

சேலம் விமான நிலையம் சேலத்தில் இல்லை. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு நேர்கோட்டில் சுமார் 265 கிலோமீட்டர்தான். லண்டனிலிருந்து பாரிஸ் போவதைவிடப் பக்கம். இதை நாமக்கல்லில் என் மாமாவிடம் சொன்னேன்.

"கோட்டுல எவன் போறான் மாப்ளை? ரோட்டுலதானே போறோம்."

மாமா டெல்லி லைனில் லாரி ஓட்டி ஓய்ந்தவர். சென்னை எவ்வளவு தூரம் என்று கேட்டால், நத்தக்கரை, வீரசோழபுரம், விக்கிரவாண்டி, பரனூர் என்று டோல்கேட்டுகளைச் சொல்வார். கிலோமீட்டரெல்லாம் டயர் கம்பெனிக்காரன் கவலையாம்.

காமலாபுரத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை வராததற்கும் காரணம் உண்டு. 1993-ல் திறந்தார்கள், கொஞ்ச நாளில் விமானம் நின்றது. 2009-ல் மறுபடி வந்தது, மறுபடி நின்றது. 2018 மார்ச் 25 அன்று உடான் திட்டத்தில் திரும்ப வந்தது. பாதி இருக்கைகளுக்காவது, ஒரு மணி நேரப் பறப்புக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று தொடங்கிய திட்டம் அது. அதுவும் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் உயிர் வந்தது. மும்முனை கரண்டை நம்பியிருக்கும் கிணற்று மோட்டார் தோற்றுப்போகும்.

நாங்கள் இரண்டு பேரும் சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. நான் விமானம், மாமா கார். ஒரே நேரத்தில் வாசலைவிட்டுக் கிளம்பினோம்.

ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும். கணக்குப்படி 265-க்கு அரை மணி போதும். ஆனால் ஏற ஒரு நேரம், இறங்க ஒரு நேரம், ஓடுபாதையில் உருள ஒரு நேரம் என்று டிக்கெட்டில் ஏறக்குறைய ஒரு மணி போட்டிருக்கும். இதைவிடக் குட்டிப் பறப்பும் உண்டு. ஸ்காட்லாந்தின் வடக்கில் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கிலோமீட்டருக்கு ஒரு விமானம் விடுகிறார்கள். இரண்டு நிமிடம், காற்று வாட்டமாக அடித்தால் ஒரு நிமிடத்துக்குள் போயிருக்கிறது. பெல்ட் போடுவதற்குள் கழற்றச் சொல்வார்கள் போல.

நாமக்கல்காரனின் சிக்கல் வானத்தில் இல்லை. சென்னை வடகிழக்கே இருக்க, நான் விமானத்தைப் பிடிக்க வடக்கே எழுபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். மாமாவோ சேலத்தையே தொடாமல் ராசிபுரம், ஆத்தூர் வழியாகக் குறுக்கே புகுந்துவிட்டார். நான் பெல்ட்டைக் கழற்றி, செருப்பைக் கழற்றி, தண்ணீர் பாட்டிலுக்குக் கணக்குச் சொல்லி உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

"எங்க மாப்ளை இருக்க?"

"காமலாபுரத்துலதானுங் மாமா."

"நான் உளுந்தூர்ப்பேட்டை."

சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சிரித்தது மட்டும் கேட்டது.

ஆனாலும் ஜெயித்தது நான்தான். பெருங்களத்தூர் நெரிசல் மாமாவை விழுங்கி வைத்திருக்க, மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தேன். கேட் பூட்டியிருந்தது. சாவி பெண் வீட்டாரிடமாம். அவர்கள் நாமக்கல்லிலிருந்து வேனில் வந்துகொண்டிருந்தார்கள். விக்கிரவாண்டியில் இறங்கி, இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்த மாமா, நடைபாதையில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏன் மாப்ளை, மேல சோறு எதாச்சும் போட்டானுங்களா?"