55 டெசிபல் தெரு

எங்கள் மனைப்பிரிவை விற்றவர்கள் நுழைவாயிலில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். நல்ல காற்று, நல்ல தண்ணீர், கிராமத்து அமைதி. காற்று உண்மைதான். தண்ணீரும் உண்டு, ஆயிரம் அடிக்குக் கீழே. அமைதியைப் பொறுத்தவரை, அவர்கள் மனை காட்டுவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். பல்லடம் வட்டாரத்தில் ஞாயிறு தறிக்கு லீவு.

திங்கட்கிழமை காலை மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஊர் ஓட ஆரம்பிக்கும். முதல் வீட்டில் எட்டு விசைத்தறி. அடுத்த வீட்டில் இட்லி மாவு அரைத்து பாக்கெட் போடுகிறார்கள். அதற்கடுத்த திண்ணையில் திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வந்திறங்கும் பனியனுக்குப் பாட்டியிலிருந்து பேத்தி வரை உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறார்கள். வீடு எங்கே முடிகிறது, பட்டறை எங்கே தொடங்குகிறது என்று அவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். தறிக்கு நாலடி தள்ளித் தொட்டில் ஆடுகிறது. அந்தச் சத்தத்தில் குழந்தை தூங்குகிறது. கரண்ட் போனால்தான் எழுந்து அழுகிறது.

மதிலுக்கு இந்தப் பக்கம் நாங்கள். ஓய்வுபெற்றவர்களும், கோவையில் வேலை பார்ப்பவர்களும். வந்த கையோடு ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் தொடங்கினோம். சங்கத்தின் முதல் தீர்மானம்: இது ரெசிடென்ஷியல் ஏரியா. எங்களுக்கு முப்பது வருடம் முன்பிருந்தே தறி அங்கே ஓடிக்கொண்டிருப்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. அங்கீகாரம் பெற்ற மனை எங்களுடையதுதானே.

தலைவர் அரசுப் பணியில் இருந்தவர் என்பதால் சட்டத்தில் பிடிப்பு உண்டு. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, கட்டட விதிகள் 2019 எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்திருந்தார். முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எது கூடும், எது கூடாது என்று விதிகள் சொல்கின்றன. படிக்க மிகவும் ஒழுங்காக இருக்கிறது. பிசிறு வெட்டும் பாட்டி எந்தப் பகுதியில் உட்கார்ந்திருக்கிறார் என்று பாட்டிக்கும் தெரியாது, வரைபடத்துக்கும் தெரியாது.

என்னைக் கேட்டால் நம்மூரில் எது வீடு, எது தொழில் என்று நிஜமாகவே தீர்மானிப்பது மின்வாரியம்தான். ரீடிங் எடுக்க வருபவர் வாசலில் நின்று உள்ளே ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையில் பெரிய திட்ட வரைபடமே அடங்கியிருக்கிறது. 2023 கணக்குப்படி வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். விசைத்தறிக்கு 1000 யூனிட். ஆக, அரசின் கணக்கில் ஒரு தறிக்காரர் பத்துக் குடும்பஸ்தர்களுக்குச் சமம். டாக்டரோ வக்கீலோ வீட்டையொட்டி 200 சதுர அடிக்குள் ஆலோசனை அறை வைத்துக்கொண்டால் அது வீட்டுக் கட்டணத்திலேயே அடங்கும். 201ஆவது சதுர அடியில் வக்கீல் வியாபாரியாகிவிடுவார். எங்கள் தெருவில் ஒரு வக்கீல் இருக்கிறார். அவர் அறையில் இரண்டு பீரோ ஏன் குறுக்கே நிற்கின்றன என்று நாங்கள் கேட்பதில்லை.

கேட்காமலிருப்பதற்குக் காரணம் உண்டு. செயலாளர் வீட்டில் மாலையில் டியூஷன். வாசலில் நிற்கும் ஸ்கூட்டிகளைத் தாண்டி ஆம்புலன்ஸ் வந்தால் அதுவும் டியூஷனில் சேர்ந்துவிட வேண்டியதுதான். பொருளாளர் வீட்டம்மா வாட்ஸ்அப்பில் சேலை விற்கிறார். கடை இல்லையாம், “தெரிஞ்சவங்களுக்கு மட்டும்.” அவருக்குத் தெரிந்தவர்கள் மலேசியா வரை இருக்கிறார்கள். மூலை வீட்டில் கேக் செய்கிறார்கள். டப்பாவின் மேல் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் பளிச்சென்று இருக்கிறது. தெருவிலேயே காகிதம் சரியாக வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான், அதனாலேயே அவர் மேல் எல்லோருக்கும் லேசான சந்தேகம். நானும் வீட்டிலிருந்தபடி கட்டுரை எழுதுகிறேன். “உங்க தொழில்ல சத்தமும் இல்ல, வரும்படியும் இல்ல, யாரும் புகார் குடுக்கமாட்டாங்க” என்கிறார் என் மனைவி.

2025இல் கிராம ஊராட்சிகளில் தொழில் நடத்துபவர்கள் உரிமம் வாங்க வேண்டும் என்று புதிய விதி வந்தது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல் படங்கள் பறந்தன. மாலைக்குள் உரிமம் வாங்க வேண்டிய தொழில்களின் பட்டியலை யாரோ முழுக்கப் படித்துவிட்டார்கள் போலிருக்கிறது, குழு மௌனமானது. எதிர்ப்பு கிளம்பி அரசு விதியை நிறுத்திவைத்தபோது, அதே ஆட்களிடமிருந்து அதே கைதட்டல்.

அதே வருடம் மார்ச்சில் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் கூலி விசைத்தறியாளர்கள் கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தினார்கள். பலகையில் எழுதியிருந்த அமைதி ஒருவழியாக எங்களுக்குக் கிடைத்தது. முதல் நாள் எல்லோரும் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதை அனுபவித்தோம். பிறகு வீட்டு வேலைக்கு வரும் அம்மிணி முன்பணம் கேட்டார். டீக்கடை பாதி நாள்தான் திறந்தது. மளிகைக்காரர் கடன் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். “எப்பத்தான் ஓட்டுவாங்க?” என்று முதலில் கேட்டவர் எங்கள் தலைவர். இன்னொன்றும் நடந்தது. அந்த அமைதியில்தான் அவர் மனைவி விடியற்காலை ஐந்து மணிக்குச் சமுதாயக் கூடத்தில் நடத்தும் யோகா வகுப்பின் மைக், ஊர் முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

வீட்டில் செய்வதெல்லாம் புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. இது நொய்யல் பக்கத்து ஊர். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கிய கதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதையும் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஊருக்குள் ஒருவர் கொல்லைப்புறத்தில் சாயத் தொட்டி வைக்கப் பார்த்தபோது, விடாமல் தடுத்தது எங்கள் சங்கமல்ல, எட்டுத் தறிக்காரர்தான். “சத்தம் செவுத்தோட நிக்குமுங்க. சாயம் கெணத்துக்குப் போயிருமுங்க” என்றார். பின்பாதியை ஏற்கிறேன். முன்பாதியை, சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவன் என்ற முறையில் ஏற்க முடியவில்லை.

இப்படியாக எங்கள் மனு இளைத்துக்கொண்டே வந்தது. “வீட்டுத் தொழில்கள் அனைத்தும்” என்று தொடங்கியது, கையெழுத்துப் போட ஆளில்லாமல் “தறி மட்டும்” ஆயிற்று. பிறகு “இரவுத் தறி”. கடைசியில் பாவு நூல் ஏற்றி வந்து தெருவை அடைத்து நிற்கும் லாரி. அதற்கு மட்டும் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

தலைவர், அவர் மனைவியோடு மனுவை எடுத்துக்கொண்டு போனால் தறிக்காரர் படிக்கக்கூட இல்லை. “லாரிய மெயின் ரோட்டுலயே நிறுத்தச் சொல்லிர்றனுங்கண்ணா. ராத்திரி பத்து மணிக்கு மேல நாலு தறியோட நிறுத்திக்கறனுங்க” என்றார். நாங்கள் எழுந்திருக்கும்போது, பாலிடெக்னிக் படிக்கும் அவருடைய மகன் கைபேசியோடு வந்தான். ஒலி மாசு விதிகள் 2000 என்று தொடங்கினான். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பகல் என்பது காலை ஆறு மணி முதல் இரவு பத்து வரை. எங்கள் தறி மதிலோரம் 71 காட்டுது, ஒத்துக்கறேன் என்றான். உங்கள் யோகா மைக் 68. அதுவும் ஐந்து மணிக்கு, அதாவது சட்டப்படி ராத்திரியில்.

தலைவர் தன் மனைவியைப் பார்த்தார். ஆறு மணிக்கு மேல் வெயில் வந்துவிடும், பிராணாயாமத்துக்குச் சரிப்படாது என்றார் அந்த அம்மா, உறுதியாக.

தறிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: “ஏனுங்கம்மா, மூச்சு விடறதுக்கு எதுக்குங்க மைக்கு?”