ஆசிரியர் கையில் துப்பாக்கி?

கேள்வி: ஆசிரியர்களுக்குத் துப்பாக்கி கொடுத்தால் பள்ளிக்கூடம் பாதுகாப்பாக இருக்குமே? தவறிச் சுட்டுவிட்டால் யார் பொறுப்பு?
– வாசகர் ஒருவர், தளவாய்புரம்

பதில்: பிரம்பையே கீழே போடச் சொல்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. துப்பாக்கியை எடுத்துக் கொடுக்குமா?

கொடுத்துப் பார்த்த ஊர் உண்டு. பாகிஸ்தானின் பெஷாவர் ராணுவப் பள்ளியில் 2014 டிசம்பர் 16 அன்று பயங்கரவாதிகள் நடத்திய படுகொலைக்குப் பிறகு, கைபர் பக்துன்க்வா மாகாண அரசு ஆசிரியர்கள் ஆயுதம் வைத்துக்கொள்ள அனுமதித்தது. மறு வருடமே அந்த மாகாணத்து ஸ்வாத்தில் ஓர் ஆசிரியர் துடைத்துக்கொண்டிருந்த துப்பாக்கி வெடித்து 12 வயதுப் பையன் செத்துப்போனான். அந்தப் பள்ளிக்குப் பயங்கரவாதி யாரும் வரவில்லை.

பொறுப்பா? இங்கே அப்படி நடந்தால், கவனக்குறைவால் உயிர்போகக் காரணமானவர் என்று ஆசிரியர் மீது பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவு பாயும். 5 ஆண்டு வரை சிறை. வேலைக்கு வைத்த நிர்வாகத்தின் மீது நஷ்டஈட்டு வழக்கு வரும். எப்போது தீரும்? கும்பகோணத்தில் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் கருகியது 2004-இல். தஞ்சாவூர் நீதிமன்றத்தில் குற்றவழக்கின் தீர்ப்பே வந்தது 2014-இல்தான். பெற்ற வயிறு அத்தனை வருடம் எரிந்துகொண்டே இருந்தது.

இன்னொன்று. 2012-இல் சென்னையில் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் கத்தியால் குத்திக் கொன்றவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். அவர் கையில் துப்பாக்கி இருந்திருந்தாலும் தன் மாணவனைச் சுட மனம் வந்திருக்குமா? அந்தப் பையனின் கோபத்தை உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. உங்கள் ஊர்ப் பள்ளிக்கு மனநல ஆலோசகரைக் கேளுங்கள். அதுவரை, 14417 என்ற பள்ளிக்கல்வி உதவி எண்ணை வகுப்புக்கு வகுப்பு எழுதிவைக்கச் சொல்லுங்கள்.