மிதவையும் ஊசியும்: ஸ்காபரோவில் பெற்றோல் வழிதல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஆய்வு எல்லையை முதலில் வரையறுப்போம். காலம்: ரொறன்ரோ வீதிகளின் பனி உப்பை மழை கழுவிவிட்ட பிறகு வரும் ஒரு சனிக்கிழமை. களம்: ஸ்காபரோவில் ஒரு கராஜ் வாசல். பொருள்: 1960களின் மொரிஸ் மைனர், 1098 சிசி. ஒன்ராறியோவில் முப்பது வயது தாண்டி, பிறந்த கோலம் மாறாமல் இருக்கும் வண்டிக்குத்தான் ‘ஹிஸ்டோரிக்’ இலக்கத் தகடு கிடைக்கும். பொனட்டைச் சுற்றி நிற்கும் அண்ணைமாருக்கு அந்த இரண்டு தகுதியும் தாராளமாக உண்டு.

சிக்கல் இதுதான். சாவியைத் திருப்பியதும் மின்பம்பு டிக் டிக்கென்று அடிக்கத் தொடங்குகிறது. காபரேற்றரின் மிதவைக் கிண்ணம் நிரம்பியதும் அது ஓயவேண்டும். ஓயவில்லை; கிண்ணத்தின் வழிகுழாயால் பெற்றோல் ஒழுகுகிறது. காபரேற்றருக்கு நேர் கீழே எக்ஸோஸ்ட் இருப்பதால், சிகரெட்டோடு வந்த ஆய்வாளரைத் தெருவுக்கு அனுப்புவதே ஆய்வின் முதல் நெறி.

முன்னோர் ஆய்வுக்கு வருவோம். இதிலிருப்பது எஸ்.யு. காபரேற்றர், அதாவது ஸ்கின்னர்ஸ் யூனியன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை உருவாக்கிய ஜோர்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர், லண்டனின் லில்லி அண்ட் ஸ்கின்னர் சப்பாத்துக் கடைக் குடும்பத்தவர். ஆரம்பகால எஸ்.யு.வுக்குள் தோல் துருத்தி இருந்தது. சப்பாத்துக்காரர் வேறு எதைப் போடுவார்?

களத்தில் மூன்று கட்சிகள். “தம்பி, சோக்கைப் பாரும்” என்பது முதற்கட்சி. எஸ்.யு.வில் சோக்கை இழுத்தால் ஜெற் கீழிறங்கும். அது திரும்ப ஏறாவிட்டால் புகை கறுக்கும், பிளக் கரிபிடிக்கும். ஆனால் கிண்ணத்தின் வழிகுழாயால் பெற்றோலை வரவழைக்க அதனால் முடியாது. இக்கட்சியை இத்துடன் விடுவோம்.

மிதவைக் கட்சி வலுவானது. மிதவையில் துளை விழுந்தால் உள்ளே பெற்றோல் புகும், அது தாழும், பெற்றோல் வரும் வாயை அடைக்கவேண்டிய ஊசி மூடாது. கழற்றிக் காதருகே குலுக்கிப் பார்க்கலாம். சுடுநீரில் அமிழ்த்தினால் துளை குமிழி விடும். பழைய பித்தளை மிதவை என்றால் உள்ளிருக்கும் பெற்றோலை முழுதும் போக்கிவிட்டு ஈயம் பற்றலாம். நைலோன் மிதவைக்குப் புதிது வாங்குவதே வழி.

ஆனால் இக்கட்டுரையாளர் ஊசிக் கட்சி. குளிர்காலம் முழுக்கக் கராஜில் கிடந்த வண்டியின் கிண்ணத்தில் பெற்றோல் வற்றிப் பிசினாகும். ஒன்ராறியோவின் சாதாரணப் பெற்றோலில் எத்தனோல் கலந்திருக்கும். அது பழைய றப்பர் குழாயை அரிக்கும். குழாயிலிருந்து உதிர்ந்த ஒரு துணுக்கு ஊசியின் இருக்கையில் குந்தினால் போதும். சோதனை எளிது: கிண்ண மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, பெற்றோல் வரும் வாயில் ஊதவேண்டும். காற்றுப் போனால் குற்றவாளி ஊசிதான்.

இங்கே ஆய்வுலகம் கவனிக்காத ஓர் உண்மை உண்டு. இந்த அண்ணைமார் 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் வண்டி ஓட்டியவர்கள். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் கடந்தவர்கள். பெற்றோல் வராத எஞ்சினைப் பற்றிக் கேட்டால் விடியும்வரை விளக்குவார்கள். பெற்றோல் கூடிப்போன எஞ்சின் அவர்களுடைய பாடத்திட்டத்தில் இல்லை. ஆகவேதான் சாவியைத் திருப்பிப் பம்பை நிறுத்த எவருக்கும் தோன்றுமுன் குழாயின் கீழே ஒரு யோகட் வாளி வந்துவிட்டது. யார் வைத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. பம்பை நிறுத்தலாமே என்று கேட்ட இளைஞரைப் பார்த்து, “பொறும் தம்பி, வாளி நிரம்பேல்லை” என்றார் ஒருவர்.

ஊதினோம், காற்றுப் போனது. இருக்கையில் கடுகிலும் சிறிய கறுப்பு றப்பர். துடைத்து, மிதவை நெம்புக்கும் மூடிக்கும் இடையே மூன்று முதல் ஐந்து மில்லிமீற்றர் இடைவெளி இருக்கிறதா என்று துளையூசியின் தண்டால் அளந்து பூட்டினோம். நனைந்த எஞ்சினைக் கிளப்ப, சோக்கைத் தள்ளிவிட்டு மிதியைத் தரையோடு அழுத்திப் பிடித்தபடி ஸ்ராற்றரைச் சுற்றவேண்டும். “அடிச்சடிச்சு மிதியும்” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அது அமெரிக்க வண்டிகளில் பழகிய கால், எஸ்.யு.வில் மிதிக்குப் பெற்றோல் பீச்சும் பம்பே கிடையாது.

எஞ்சின் பிடித்தது. மூன்று கட்சியும் வெற்றியை உரிமை கோரின. வாளியிலிருந்ததைத் துணியால் வடித்துப் புல்வெட்டும் மெஷினுக்கு ஊற்றுவது என்ற தீர்மானம் மட்டும் ஏகமனதாக நிறைவேறியது.