முனைவர் பட்டத்தை முடிக்காமலே இருப்பது எப்படி?

புற்றுநோய்க்கும் ரத்தக்கசிவு நோய்களுக்கும் மூலக்கூறு அளவில் காரணம் தேடப் பிஎச்டி பதிவு செய்திருக்கிறீர்களா? வாழ்த்துகள். ஜேஆர்எஃப் வாங்கியிருந்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. எந்த மாதம் என்பது தனி ஆராய்ச்சி. இந்தப் படிப்பை ஐந்தே வருஷத்தில் முடித்துவிட்டு ஓடும் அவசரக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிடுவோம். ஆற அமர, பத்து வருஷமாவது லேபிலேயே குடியிருக்க ஆசைப்படுகிறவர்களுக்கு எழுதுவது இது.

முதலில் ஒரு எல்லைக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கசிவு ஆள் என்றால் கசிவு மட்டும். புற்று ஆள் என்றால் புற்று மட்டும். எதிர் லேப்காரரோடு டீ குடிக்கப் போகாதீர்கள். போனால் ரன்எக்ஸ்1 என்ற மரபணுவைப் பற்றிப் பேச்சு வந்துவிடும். 21ஆம் குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணுவில் பிழையோடு பிறப்பவர்களுக்குப் பல் பிடுங்கினால் ரத்தம் எளிதில் நிற்காது. தட்டணுக்கள் குறைவாக இருக்கும், இருப்பவையும் ஒழுங்காக வேலை செய்யாது. கசிவு ஆள் அத்தோடு கோப்பை மூடிவிடலாம். ஆனால் அதே குடும்பத்தில் ஒரு சித்தப்பா, ஒரு அத்தை என்று ரத்தப் புற்றுநோயில் போயிருப்பார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று 1999இல் கண்டுபிடித்தார்கள். தட்டணு சரியாக உருவாவதற்கும், ரத்தத்தின் மூலச்செல் கட்டுமீறிப் போகாமல் இருப்பதற்கும் ஒரே புரதம் பொறுப்பு. இதைத் தெரிந்துகொண்டால் நோயாளியின் பாட்டன் பாட்டி கதையை உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும். மஜ்ஜை தானம் தர முன்வரும் தம்பிக்கும் அதே பிழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். ஆராய்ச்சி உருப்படியாகிவிடும் அபாயம் உண்டு.

பாரிஸில் அர்மான் த்ரூஸோ என்ற மருத்துவர் இந்த எல்லைக்கோட்டை மதிக்கவில்லை. காரணமில்லாமல் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தால், உடம்புக்குள் எங்கோ புற்றுநோய் ஒளிந்திருக்கலாம் என்று 1865இல் பாடம் நடத்தினார். இரண்டு வருஷத்தில் அவர் ரத்தக்குழாயிலேயே ரத்தம் உறைந்தது. தன் நோய் இன்னதென்று அவரே சொன்னார். அந்த வருஷமே புற்றுநோயில் இறந்தார். அதிகம் தெரிந்துவைத்திருப்பதன் ஆபத்துக்கு வேறு சான்று வேண்டாம்.

இன்னொரு கெட்ட முன்னுதாரணம், அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா. பெயருக்குப் புற்றுநோய், ஆனால் முதல் சில நாட்களில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் ரத்தக்கசிவு, அதிலும் மூளைக்குள் ஏற்படும் கசிவு. 15ஆம் 17ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதை அமெரிக்காவில் ஜேனட் ரௌலி 1977இல் காட்டினார். அப்படி ஒட்டிப் பிறக்கும் புரதம் வெள்ளணுவை முதிரவிடாமல் பிடித்துவைக்கிறது. முதிராத அந்தச் செல்கள் உறைதல் காரணிகளை வீணாகச் செலவழிக்க வைக்கின்றன. ஷாங்காயில் வாங் ஜென்யீ செல்லைக் கொல்லப் பார்க்கவில்லை. வைட்டமின் ஏ வகை மருந்து ஒன்றைக் கொடுத்து அதை முதிரவைத்தார். இன்னொரு மருந்து, ஆர்செனிக் ட்ரையாக்ஸைடு. நம் சித்த வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்பார்களே, அதேதான். வேலூர் சிஎம்சியில் அந்த ஒற்றை மருந்தை வைத்தே சிகிச்சை செய்து, 72 நோயாளிகளின் முடிவுகளை 2006இல் வெளியிட்டார்கள். பெரும்பாலோர் பிழைத்தார்கள். புற்றையும் கசிவையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால் இப்படியெல்லாம் நடக்கும். நமக்கு வேண்டாம்.

சரி, லேபுக்குள் போவோம். சீனியர் ஒரு குப்பி செல் தருவார். மூடியில் மார்க்கரால் ஏதோ பெயர் எழுதியிருக்கும், பாதி அழிந்திருக்கும். நம்புங்கள். அவரும் அவருடைய சீனியரை அப்படித்தான் நம்பினார். 1966இல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர், உலகமெங்கும் வெவ்வேறு பெயரில் வளர்ந்துகொண்டிருந்த பல செல்வரிசைகள் உண்மையில் ஹீலா செல்களே என்று சொல்லி எல்லோர் பொழைப்பையும் கெடுத்தார். 1951இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து, அவருக்கே தெரியாமல் எடுக்கப்பட்ட செல்கள் அவை. எம்டிஏ-எம்பி-435 என்ற செல்வரிசையை மார்பகப் புற்று என்று நம்பிக் கட்டுரை கட்டுரையாக எழுதிக் குவித்தார்கள். அது தோலில் வரும் மெலனோமாவின் செல் என்று பின்னால் தெரிந்தது. ஆகவே செல்லின் அடையாளத்தைச் சரிபார்க்கும் எஸ்டிஆர் சோதனை என்ற வார்த்தையை யாராவது எடுத்தால் பேச்சை மாற்றுங்கள். மைக்கோபிளாஸ்மா சோதனையும் வேண்டாம். அந்தப் பாக்டீரியா கலந்திருந்தாலும் மீடியம் கலங்காது, பெரும்பாலும் செல் சாகாது. உங்கள் முடிவுகள் மட்டும் மாறும். மாறினால்தானே புதுக் கண்டுபிடிப்பு!

நோயாளியின் ரத்தம் வாங்கப் போகும்போது இன்னும் நிறைய வாய்ப்புகள் இருக்கின்றன. உறைதல் சோதனைக்கு நீலமூடிக் குழாய். அதில் சிட்ரேட் ஒரு பங்கு, ரத்தம் ஒன்பது பங்கு என்று கணக்கு. கோடு வரை நிரப்பவே கூடாது. பாதிக் குழாயே போதும். சிட்ரேட் மிஞ்சி, நல்ல ரத்தமும் உறையத் தாமதமாகும், உங்களுக்குப் புது நோயாளி கிடைத்துவிடுவார். தட்டணுவை ஃபிரிட்ஜில் வையுங்கள். அறை வெப்பநிலையில் வைத்தால்தான் அது உருப்படியாக வேலை செய்யும் என்பதால் இந்த யோசனை. தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டுக்கொண்டீர்களா என்று மட்டும் யாரையும் கேட்டுவிடாதீர்கள். ஒரு மாத்திரை போதும், ஒரு வாரத்துக்கு அவர் தட்டணுக்கள் சரியாக ஒட்டாது. அதை வைத்து ஒரு கட்டுரையே தேற்றலாம்.

மரபணுவைப் படிக்கும்போது, கைடு காட்டிய இடத்தை மட்டும் பாருங்கள். ஹீமோஃபிலியா ஏ நோய்க்குக் காரணமான எஃப்8 மரபணுவில் 26 எக்ஸான்கள். ஒன்றொன்றாகப் பிசிஆர் போட்டு, ஒன்றொன்றாக வரிசை படித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டரல் கமிட்டி மீட்டிங்கில் அறிக்கை கொடுக்கலாம். நோயாளிக்கோ முழங்காலில் ரத்தம் கட்டி வீங்கியிருக்கும். கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ளவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு எக்ஸான்களில் பிழையே இல்லாதது பலரையும் குழப்பியது. மரபணுவின் ஒரு பெரும் பகுதி 22ஆம் இன்ட்ரானில் முறிந்து தலைகீழாகத் திரும்பியிருப்பதை 1993இல்தான் கண்டார்கள். எழுத்துகள் எல்லாம் இருந்தன, வரிசைதான் திரும்பியிருந்தது. எக்ஸான்களைத் துண்டு துண்டாகப் படித்தால் அது தெரியவே தெரியாது. என் கணிப்பில் மூன்று வருஷத்தை நிம்மதியாகக் கழிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

வெஸ்டர்ன் பிளாட்டில் பேண்ட் வரவில்லையா? ஆன்டிபாடியைத் திட்டுங்கள். எதிர்பாராத பேண்ட் வந்தால் கருவியைத் திட்டுங்கள். வந்த பேண்டை அப்படியே யோசித்துப் பார்த்தால் வம்பு. 1979இல் கண்டறிந்த பி53 புரதத்தைப் பத்து வருஷம் புற்றைத் தூண்டுவது என்றே நினைத்திருந்தார்கள். கையில் இருந்த குளோன்கள் பழுதானவை என்பது உறைத்தபிறகுதான், 1989 வாக்கில், அது புற்றைத் தடுக்கிற புரதம் என்று தெரிந்தது. வெவ்வேறு லேப்களின் குளோன்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று சிலர் கேட்டதால் வந்த வினை.

இவ்வளவு கவனமாக இருந்தும் சிலருக்கு வைவா வந்துவிடுகிறது. வெளித்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதனால் நோயாளிக்கு என்னப்பா பிரயோஜனம்?" என்பார். "எதிர்காலத்தில் புதிய சிகிச்சைக்கு வழிவகுக்கும் சார்" என்று சொல்லாதீர்கள். அது எல்லா ஆய்வேட்டிலும் கடைசி வரி. பதிலாக ஒரு கணக்கைச் சொல்லுங்கள். எஃப்8 மரபணுவைப் பிரித்தெடுத்தது 1984இல். ஹீமோஃபிலியா ஏ உள்ள ஐந்து பேரின் மூலச்செல்லை எடுத்து, லென்டிவைரஸ் வழியாக அந்த மரபணுவை உள்ளே செலுத்தி, திரும்ப அவர்கள் உடம்பிலேயே விட்ட சிகிச்சையின் முடிவை வேலூர் மருத்துவர்கள் வெளியிட்டது 2024இல். அந்த ஐந்து பேரின் உடம்பும் எட்டாம் உறைதல் காரணியைத் தானே தயாரிக்கத் தொடங்கியது. இடையில் நாற்பது வருஷம். அத்தனையிலும் யாரோ ஒரு மாணவர் குழாயைக் கோடு வரை நிரப்பியிருக்கிறார், செல்லின் பெயரைச் சரிபார்த்திருக்கிறார். நீங்களும் அந்த ரகம்தான் என்றால் உங்களுக்குச் சொல்ல என்னிடம் யோசனை எதுவும் இல்லை. உதவித்தொகைப் படிவத்தை மட்டும் மாதம் தவறாமல் அனுப்பிவிடுங்கள், நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு.