நாகம் டாங்கி ஏறிய கதை

முதலில் ஒன்றைப் போட்டு உடைத்துவிடுகிறேன். அந்தப் பிசாசுகள் பிசாசுகளே அல்ல. கொம்பு இருக்கிறது, வால் இருக்கிறது, கையில் நீளமான அரிவாள் இருக்கிறது, குடியிருப்பும் எரிமலைக் குழம்புக்குப் பக்கத்தில்தான். ஆனாலும் ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்தால் சொந்த ஊர் என்ற இடத்தில் 'விண்வெளி' என்றுதான் போட்டிருக்கும். இது எல்லோருக்கும் தெரிந்திருந்தால் 1999-இல் அவ்வளவு பெரிய சண்டை வந்திருக்காது. இல்லை, வந்திருக்கும். வேறு காரணம் தேடியிருப்பார்கள்.

சண்டை 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றியது. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: குதிரைமேல் ஒரு தலைவன். அவனுக்கு ஒரு கோட்டை. மரக்கடை, கல்குவாரி, தங்கச் சுரங்கம் என்று ஊரில் இருப்பதையெல்லாம் வளைத்துப்போட வேண்டும். ஏழு நாளைக்கு ஒருமுறை கோட்டையில் புதுப்படை தயாராகும். காசு கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கோட்டைக்காரனை அடிக்க வேண்டும். ஆறுமூலைக் கட்டங்களில் இரண்டு படையும் மாறிமாறி நகர்ந்து சாகும். அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதான்' இருக்கிறதே, அதில் ராத்திரி பதினொன்றுக்கு உட்கார்ந்தவன் பால்காரன் மணியடிக்கும்போதுதான் எழுந்திருப்பான்.

கோட்டைகள் எட்டு. ஒவ்வொன்றிலும் ஏழு வகைப் பிராணிகள். ஏழுக்கும் மேம்பட்ட வடிவம் ஒன்று. தேவதைகள் ஒரு கோட்டை, எலும்புக்கூடுகள் ஒரு கோட்டை, டிராகன்கள் ஒரு கோட்டை. பிசாசுகளுக்கு இன்ஃபெர்னோ. போதாக்குறைக்கு ஜோதிடர்கள் வேறு. வாரம் பிறந்தால் திரையில் ஓர் அறிவிப்பு வரும்: இது இன்ன பிராணியின் வாரம் என்று ஜோதிடர்கள் கணித்திருக்கிறார்கள், அதன் பெருக்கம் கூடும். மாதம் பிறக்கும்போது போதாத நேரமாக இருந்தால் கொள்ளைநோய் வந்து எல்லாம் பாதியாகும். ரஷ்யாக்காரர்களுக்கு இந்த அறிவிப்பு மிகவும் பிடித்துப்போய், நாட்டில் எது நடந்தாலும் 'ஜோதிடர்கள் அறிவித்துவிட்டார்கள்' என்று கிண்டலடிக்க ஆரம்பித்தார்கள். வாரபலனை முதல் பக்கத்தில் தேடும் ஜாதி நாம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

எட்டுக் கோட்டை என்றால் எட்டுக் கட்சி. தலைமைத் தேவதைக்கு வேகம் 18, தலைமைப் பிசாசுக்கு 17. அந்த ஓர் எண்ணுக்காக நட்பை முறித்துக்கொண்டவர்கள் உண்டு. முதலில் நகர்கிறவன்தானே முதலில் அடிப்பான்? போதாததற்கு, தேவதை பிசாசை அடித்தால் ஒன்றரை மடங்கு அடி. பங்காளிப் பகை. செத்த கூட்டாளியை எழுப்பும் வரமும் தேவதைக்கே. ஆகவே இன்ஃபெர்னோ கட்சிக்காரன் என்பவன் எல்லாத் தேர்தலிலும் டெபாசிட் இழந்துகொண்டே 'அடுத்தமுறை பாருங்கள்' என்று சொல்லித் திரிகிற ஆள்.

கறுப்பு டிராகன் கட்சி வேறு ரகம். அதன் தோலில் எந்த மந்திரமும் ஏறாது. ஆர்மகெடன் என்று ஒரு மந்திரம் இருக்கிறது. போட்டால் களத்தில் எதிரி, நண்பன், கூலிக்கு வந்தவன் என்று பாராமல் அத்தனை பேரும் எரிவார்கள். புத்திசாலிகள் என்ன செய்தார்கள்? படையில் கறுப்பு டிராகன்களை மட்டும் வைத்துக்கொண்டு, தங்கள் தலைமேலேயே ஆர்மகெடனைப் போட்டுக்கொண்டார்கள். நான்கு பக்கமும் சாம்பல், நடுவில் டிராகன் கொட்டாவி விடும். இதைத் தந்திரம் என்று ஒரு சாரார், அயோக்கியத்தனம் என்று ஒரு சாரார். இரண்டாம் சாராரை விசாரித்துப் பார்த்தால், முந்தின நாள் அந்த டிராகனிடம் அடி வாங்கியவர்களாக இருப்பார்கள்.

நான் எலும்புக்கூடு கட்சி. ஒளிக்க என்ன இருக்கிறது? நெக்ரோபோலிஸில் செலவு கம்மி. எதிரியை அடித்துப்போட்டால் செத்தவர்களில் ஒரு பங்கு எலும்புக்கூடாக எழுந்து நம் பக்கம் வரிசையில் நிற்கும். சம்பளமும் சாப்பாடும் கேட்காத தொண்டர்படை. கூட்டம் ஆயிரத்தைத் தாண்டியபின் தேவதையாவது பிசாசாவது. இதைச் 'சோம்பேறித்தனம்' என்பவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

இந்த அழகில் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் ஒன்பதாவது கோட்டை என்ற பேச்சு வந்தது.

வந்த வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்த விளையாட்டு ஒரு கிளைக்கதை. மூலக்கதை 'மைட் அண்ட் மேஜிக்' என்ற இன்னொரு வரிசை. கலிஃபோர்னியாவில் நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் என்ற நிறுவனத்தை 1984-இல் தொடங்கிய ஜான் வான் கானெகம், முதல் பாகத்தைப் பெரும்பாலும் ஒற்றை ஆளாக எழுதி 1986-இல் வெளியிட்டார். வாள், கேடயம், மந்திரவாதி, பாழடைந்த கோட்டை என்று சுத்தபத்தமாகத்தான் தொடங்கும். முடிவில் பார்த்தால், இத்தனை நாள் நாம் நடந்து தேய்த்த உலகமே விண்வெளியில் மிதக்கும் ஒரு சோதனைக்கூடம். ராஜா ராணி கதை என்று டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவனுக்கு இடைவேளைக்குப்பின் அவர் ராக்கெட் காட்டிய முதல் சம்பவம் அது.

அதோடு விட்டாரா? 1998-இல் வந்த ஆறாம் பாகத்தில், வாளும் வில்லும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிய வீரர்கள், கடைசியில் கதிர்த் துப்பாக்கி தூக்கிக்கொண்டு பிசாசுகளின் கூட்டுக்குள் நுழைகிறார்கள். அங்கேதான் தெரிகிறது, அவை வானத்திலிருந்து வந்திறங்கிய கிரீகன் என்ற இனம் என்று. ஏழாம் பாகத்தில் கடலுக்கடியில் ஒரு விண்கலம் கிடக்கும். பெயர் லிங்கன். மந்திரக்கோலை ஓரமாக வைத்துவிட்டு நீச்சல் உடை மாட்டிக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும். இவ்வளவும் நடந்த அதே பூமியில்தான் ஹீரோஸ் 3-இன் தேவதைகளும் டிராகன்களும் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் கோட்டைக்காரர்களில் பலர் மூலக்கதை பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. தாத்தா எந்த ஊர், என்ன தொழில் என்று தெரியாமல் குலப்பெருமை பேசுகிற பேரன்கள் இல்லையா, அந்த மாதிரி.

ஏழாம் பாகம் 1999-இல் வந்தது. அதற்கு இரண்டு முடிவுகள். நல்லவழி ஒன்று, கெட்டவழி ஒன்று. கெட்டவழியில் போனால் பண்டைய காலத்து உலை ஒன்று மறுபடி எரியத் தொடங்கும். விஞ்ஞான ஆயுதங்களை வடை சுடுவதுபோல் சுட்டுத்தள்ளும் உலை. ஹீரோஸ் 3-இன் வடிவமைப்பாளர் கிரெகரி ஃபுல்டனும் அவர் கூட்டாளிகளும் கணக்குப் போட்டார்கள்: அந்த முடிவிலிருந்து கதையைத் தொடர்வோம், உலைக்காரர்களுக்கு ஒரு கோட்டை கொடுப்போம், 'ஆர்மகெடன்ஸ் பிளேட்' என்ற அடுத்த விரிவாக்கத்தில் இறக்குவோம். கோட்டையின் பெயர் ஃபோர்ஜ். கதையின்படி பார்த்தால் குற்றம் சொல்ல இடமில்லை. தர்க்கம் சரியாக இருக்கும் இடத்தில்தான் கல்யாணங்கள் நின்றுபோகின்றன.

படங்கள் வெளியே வந்தன. முதுகில் பறக்கும் இயந்திரம் மாட்டிய காளைத்தலை மினோட்டார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், திருவிழாக் கூட்டத்தில் பலூன் கட்டிய மாடு என்று நினைத்துக்கொள்ளலாம். அடுத்தது நாகம். இடுப்புக்கு மேல் பெண்ணும் கீழே பாம்புமாக, எல்லாக் கையிலும் வாளோடு மந்திரவாதிகளின் கோட்டையில் கம்பீரமாக நின்ற பிராணி. அதன் வாலை எடுத்துவிட்டு டாங்கியின் இரும்புச் சங்கிலிச் சக்கரத்தைப் பொருத்தியிருந்தார்கள். பாம்புக்கு மூவாயிரம் வருஷமாகப் பால் ஊற்றிவரும் ஊர்க்காரன் நானே ஒரு நிமிடம் திரையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டேன். எந்த தோஷம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யார் கண்டது?

பிடித்தது சனி. 'எங்கள் மாயாஜாலத்தில் இயந்திரமா? புனிதம் என்னாவது? மரபு என்னாவது?' என்று உலகெங்குமிருந்து கடிதங்கள் குவிந்தன. வாங்கமாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். ஃபுல்டனுக்குக் கொலைமிரட்டலே வந்தது. நகைச்சுவைக் கட்டுரைதான், ஆனால் இதில் சிரிக்க எதுவும் இல்லை. ஒரு மனிதன் ஒரு பொம்மைக் கோட்டை வரைந்ததற்கு இன்னொரு மனிதன் உயிரை எடுப்பேன் என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறான். ஃபுல்டன் பின்னர் அந்த நிறுவனத்தைவிட்டே வெளியேறினார்.

மரபு காக்க வந்த இந்தக் கூட்டத்தில் இன்ஃபெர்னோ கட்சிக்காரர்களும் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் தீராத சுவை. வேற்றுக்கிரகத்துப் படையை வைத்து ஆடிக்கொண்டே 'விஞ்ஞானம் ஒழிக' என்று கொடி பிடித்தார்கள்.

நிறுவனம் பின்வாங்கியது. ஃபோர்ஜ் அடுப்பு அணைந்தது. ஏழாம் பாகத்தின் நல்லமுடிவுதான் உண்மையில் நடந்த முடிவு என்று வரலாற்றையும் திருத்தினார்கள். இப்போது காலியான இலையில் எதையாவது பரிமாற வேண்டுமே? விரிவாக்கம் அந்த ஆண்டே கடைக்கு வந்தாக வேண்டும். சமையலறையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். காற்றுப்பூதம், நீர்ப்பூதம், நெருப்புப்பூதம், மண்பூதம் என நாலும் எந்தக் கட்சியிலும் சேராமல் ஏற்கெனவே விளையாட்டுக்குள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. பிடி அவற்றை. மேலே கொஞ்சம் குட்டித்தேவதை, ஓரத்தில் ஒரு தீப்பறவை, சாமான் தயார். பெயர் கான்ஃப்ளக்ஸ். பழைய சோற்றில் தாளித்துக் கொட்டியதுதான், ஆனாலும் மாயாஜாலச் சோறு. மரபு காப்பாற்றப்பட்டது.

காப்பாற்றிய மரபு கடித்தது. அவசரத்தில் உப்பு போட்டவன் அளவு பார்க்கவில்லை. குட்டித்தேவதைகள் பறந்து வந்து அடிக்கும், திருப்பி அடிக்க முடியாது. உச்சியில் இருக்கும் ஃபீனிக்ஸுக்கு வேகம் 21, விளையாட்டிலேயே அதைவிட வேகம் எதற்கும் இல்லை. 18-ஆ 17-ஆ என்று அடித்துக்கொண்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். செத்தாலும் ஒருமுறை தானே எழுந்துகொள்ளும். மற்ற கோட்டைகளில் ஏழாம் நிலைப் பிராணி அடிப்படையில் வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பிறக்க, இங்கே இரட்டைப் பிரசவம். மந்திரக்கலை கற்கப் பல்கலைக்கழகம்கூட வளாகத்திலேயே உண்டு. பணத்தைக் கட்டினால் சீட்டு, நுழைவுத்தேர்வு கிடையாது.

கொஞ்ச நாளில் போட்டிகள் நடத்தியவர்கள் பலர் சட்டம் போட்டார்கள்: கான்ஃப்ளக்ஸ் எடுக்கக் கூடாது. அதாவது, வேண்டாம் என்று போராடித் துரத்திய கோட்டைக்குப் பதிலாக வந்த கோட்டையையும் வேண்டாம் என்று விலக்கியாயிற்று. ஒன்பதாவது நாற்காலி மறுபடி காலி.

நிறுவனத்தின் கதையை இழுக்கவில்லை. 2002-இல் ஹீரோஸின் நான்காம் பாகம் வந்தபோது, இரண்டு மந்திர வாள்கள் மோதி அந்தப் பழைய உலகமே வெடித்துச் சிதறியது என்று தொடங்கினார்கள். எல்லைத் தகராறுக்கு நிலத்தையே கரைத்துவிட்ட தீர்ப்பு. 2003-இல் தாய் நிறுவனமான 3டிஓ திவாலானது. பெயர் உரிமையை யூபிசாஃப்ட் 13 லட்சம் டாலருக்கு எடுத்துப்போனது. அவர்கள் 2015-இல் ஹீரோஸ் 3-ஐத் துடைத்துப் பளபளப்பாக்கி மறுபடி வெளியிட்டபோது விரிவாக்கங்களைக் காணோம். கேட்டால், அவற்றின் மூலநிரல் தொலைந்துவிட்டதாம். மரபு மரபு என்று ஒரு கூட்டம் உயிரை எடுத்துக்கொண்டிருந்தபோது, மரபின் ஓலைச்சுவடியை யாரோ எடைக்குப் போட்டிருக்கிறார்கள்.

தொலைத்தவர்கள் தொலைக்க, ரஷ்ய மொழி பேசும் ரசிகர் கூட்டம் ஒன்று சும்மா இருக்கவில்லை. விளையாட்டை வெளியிலிருந்தே பிரித்துப் படித்து, ஆணி ஆணியாகக் கழற்றி, 2011 டிசம்பர் 31 அன்று 'ஹார்ன் ஆஃப் தி அபிஸ்' என்று தாங்களே ஒரு விரிவாக்கம் வெளியிட்டார்கள். கூலி கிடையாது. அதில் கடற்கொள்ளையர்களுக்கு ஒரு கோட்டை. பெயர் கோவ். கடல், கப்பல், மந்திரக்காரி, மரபுக்குள்தான் எல்லாம். பாராட்டு மழை. கொள்ளையன் கையில் சுடுகிற சாமான் இருந்ததை மட்டும் யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 முடிந்து 2024 பிறக்கிற வேளையில், அதே குழு இன்னொரு கோட்டையைத் திறந்தது. உள்ளே யார்? துப்பாக்கி வீரன். கையெறிகுண்டு வீசும் குள்ளன். ஸ்பானரோடு மெக்கானிக். தன்னைத்தானே வெடித்துக்கொள்ளும் தகர மனிதன். உச்சியில் இறக்கை வைத்த பாம்பு ஒன்றும், புகைபிடித்த இரும்பு ராட்சதன் ஒன்றும். கோட்டையின் பெயர் ஃபேக்டரி. ஆமாம், தொழிற்சாலை!

புனிதம் பற்றி அன்று முழங்கியவர்களுக்கு இப்போது தலை நரைத்திருக்கும். சத்தம் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். கேட்டது. இரும்பு ராட்சதனை முதலில் வாங்குவதா, பாம்பை முதலில் வாங்குவதா? தகர மனிதனை வெடிக்கவிட்டால் லாபமா நஷ்டமா? இந்தக் கோட்டையைப் போட்டியில் அனுமதிக்கலாமா, கொஞ்சம் ஓவராக இருக்கிறதே? மரபு பற்றி எனக்குக் கேட்டவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாகத்தின் பழைய படத்தை யாரோ தேடி எடுத்து, 'இது வந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும் போல' என்று ஏக்கத்தோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் அவர்களோடு சேரவில்லை. எலும்புக்கூடு எண்ணிக்கை 840-இல் நிற்கிறது. ஞாயிறு முடிய இன்னும் இரண்டே நகர்வு. ஜோதிடர்கள் என்ன சொல்லப் போகிறார்களோ.