வாக்களித்தால் பாட்டும் உண்டு

வாஷிங்டன் நகரத் தேர்தல் வாரியத்தைப் போல விருந்தோம்பத் தெரிந்தவர்களைக் காண்பது அரிது. வெளிநாட்டில் இருக்கும் நகரவாசிகளும் படைவீரர்களும் இணையத்திலேயே வாக்களிக்க 2010ஆம் ஆண்டு ஒரு தளம் கட்டினார்கள். நவம்பர் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, முடிந்தவர்கள் வந்து உடைத்துப் பார்க்கலாம் என்று ஊரையே அழைத்தார்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மேன் மாணவர்களோடு வந்தார். வந்தவர்களைக் காக்கவைக்கலாமா? 48 மணி நேரத்துக்குள் சாவிக்கொத்தே கைமாறிவிட்டது. நிரலில் ஒற்றை மேற்கோள் குறி இருக்க வேண்டிய இடத்தில் இரட்டைக் குறியைப் போட்டு, போக வர வழி செய்து வைத்திருந்த முன்யோசனையை என்னென்பது! போட்ட வாக்குகளெல்லாம் மாறின. பள்ளி வாரியத்துக்கு பெண்டர் என்கிற குடிகாரக் கார்ட்டூன் ரோபோ வந்தது. யார் யாருக்குப் போட்டார் என்பதையும் பார்க்க முடிந்தது. ரகசிய வாக்கு என்ற பழைய தொல்லையும் ஒழிந்தது. நவம்பரில் நிஜமாகவே வாக்களிக்க வேண்டிய 937 பேருக்கான கடிதங்கள், ரகசிய எண்களோடு, அந்தச் சோதனைக் கணினியிலேயே கிடந்தன. இவ்வளவு ஒளிவுமறைவற்ற நிர்வாகம் எங்கே கிடைக்கும்?

காவலுக்கும் செலவு வைக்கவில்லை. கணினி அறைக் கேமராக்களுக்குக் கடவுச்சொல்லே கிடையாது. இன்னொரு கருவியில் தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல் அப்படியே இருந்தது. ஈரான், சீனாவிலிருந்து, ஏன், நம் இந்தியாவிலிருந்தும்கூட அதைத் திறக்க முயற்சிகள் வந்தன. உள்ளே புகுந்த மாணவர்களே கடவுச்சொல்லை மாற்றி அவர்களை விரட்டினார்கள். சம்பளம் கேட்காத காவலர்கள்!

வாக்களித்து முடித்தால் நன்றிப் பக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வெற்றிப் பாட்டு ஒலிக்கும். அதுவும் மாணவர்களின் உபயம். கிட்டத்தட்ட இரண்டு வேலைநாள் அது ஒலித்தும் அதிகாரிகள் அமைதி குலையவில்லை. சோதித்த ஒருவர் பாட்டைப் பற்றிச் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. உடைப்பவன் பாட்டுப் போட்டுவிட்டுத்தான் போவான் என்று மனிதர்கள்மேல் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. அழைப்பே அனுப்பாமல், எங்கள் தளத்தை யாராலும் தொட முடியாது என்று மார்தட்டுகிற மற்ற புண்ணியவான்களின் நம்பிக்கை இதைவிடப் பெரிது. அங்கே பாட்டே கேட்காது.

வாஷிங்டன்காரர்களுக்கு மட்டும் கடைசியில் மனம் தளர்ந்துவிட்டது. வாக்குச்சீட்டை இணையத்தில் எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம், திருப்பி அனுப்பத் தபால்தான் என்று சொல்லிவிட்டார்கள். பாவம் பெண்டர், கையிலிருந்த பதவி போயிற்று.